இடது காதில் ஒரு துறைமுகம்

சுடலைக்கண்ணன் அண்ணன் கடையில் பயோடேட்டா எடுத்த எல்லோருக்கும் ஓபரா பிடிக்கும்.

கடை தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், ரயில் டிக்கெட், பான் கார்டு. சில வருடங்களுக்கு முன் மழைக்கு ஒதுங்கிய யாரோ ஒருவர் அங்கே தன் பயோடேட்டாவை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு வெளிநாட்டு வங்கி ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்ட அண்ணன், அந்த ஃபைலை அழிக்கவில்லை. பெயர், படிப்பு, முகவரி மூன்றையும் மாற்றி எல்லோருக்கும் அதையே கொடுக்க ஆரம்பித்தார். கடைசி வரியில் மட்டும் கை வைப்பதில்லை. பொழுதுபோக்கு, மேற்கத்திய ஓபரா கேட்பது என்று ஆங்கிலத்தில் இருக்கும்.

"ஓபரான்னா என்ன அண்ணே?" என்று கேட்டேன்.

"சத்தமாச் சொல்லு தாயி. ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

மறுபடி கேட்டேன்.

"அது தெரியாது. ஆனா ராசியான வரி. நம்ம பூலோகம் மவனுக்கு இதை வச்சுத்தான் ஏர்போர்ட்ல வேலை கெடச்சுது."

"யாராவது கேட்டா?"

"ஹாபியை எவன் படிக்கப் போறான்?"

என் முகவரியில் தாராவியை எடுத்துவிட்டு சயன் மேற்கு என்று போட்டார். இசக்கிசெல்வி என்ற பெயரை ஐ. செல்வி ஆக்கினார். எனக்கு மறுத்துப் பேச வராது. எம்.எஸ்ஸி. வாய்மொழித் தேர்வில் என் பதிலைக் கேட்பதற்குத் தேர்வாளர் தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அதன்பிறகு செம்பூரில் ஒரு கோச்சிங் கிளாஸில் ஒன்பது நாள் வேதியியல் நடத்தினேன். பத்தாம் நாள் மாணவர்கள் எனக்கு ஒரு மைக் வாங்கித் தரும்படி நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தார்கள். நிர்வாகம் வாங்கியும் கொடுத்தது. அன்றோடு நின்றுவிட்டேன். வேண்டுமானால் எப்போதும் திரும்பி வரலாம், மைக் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதனால் வாஷியில் இருந்த அந்தப் பரிசோதனைக் கூடம் எனக்கு வேண்டியிருந்தது. மசாலாத் தூள், எண்ணெய், பால் பவுடர் எல்லாம் பொட்டலங்களில் அங்கே வரும். கலப்படம் இருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினால் போதும். பேச வேண்டியதில்லை.

இண்டர்வியூ எடுத்தவர் அனந்த் சார். கூடத்தின் தலைவர். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். என் மதிப்பெண்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே போனவர் கடைசி வரியில் நின்றுவிட்டார்.

"நீ ஓபரா கேப்பியா?" தமிழுக்கு மாறிவிட்டிருந்தார்.

நான் தலையசைத்தேன். இல்லை என்று சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டும். ஆமாம் என்பதற்குத் தலை போதும்.

"யாரோட குரல் ரொம்பப் பிடிக்கும்?"

எனக்கு ஒரு பெயரும் தெரியாது. மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிமிடம் போய்க்கொண்டிருந்தது.

"சொல்ல முடியாது, இல்லே?" என்றார். அவர் குரல் இளகியிருந்தது. "ஒருத்தரைச் சொன்னா இன்னொருத்தருக்குத் துரோகம். எனக்கும் அப்படித்தான்."

வேலை கிடைத்தது. ஆறு மாதத்துக்கு ட்ரெய்னி. என்னோடு மான்குர்திலிருந்து அஃப்ஷா என்ற பெண்ணும் சேர்ந்தாள். இருந்தது ஒரு நிரந்தர இடம். ஆறு மாத முடிவில் அனந்த் சார் எழுதும் அறிக்கைதான் எங்கள் இருவரில் ஒருவரை வைத்துக்கொள்ளும், மற்றவரை அனுப்பிவிடும். அஃப்ஷாவின் பயோடேட்டாவில் பொழுதுபோக்கு சமையல் என்று இருந்தது. அவள் உண்மையிலேயே சமைப்பாள். எனக்கும் சேர்த்து டப்பா கொண்டுவருவாள். அனந்த் சார் சைவம். அந்த வரியால் அவளுக்கு ஒரு பயனும் இருக்கவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சார் என் கையில் ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். "இதெல்லாம் கேட்டிருப்பே. இருந்தாலும் இந்த ரெக்கார்டிங் கிடைச்சிருக்காது. திங்கக்கிழமை சொல்லு."

அப்படித்தான் ஆரம்பித்தது. வெள்ளி பென்டிரைவ், திங்கள் கேள்வி.

நான் அதை வேறு எந்தப் பொருளையும் பரிசோதிப்பதுபோலவே செய்தேன். காலையில் சயனில் ஏறி, குர்லாவில் மாறி, ஹார்பர் லைனில் வாஷி வரை ஒரு காதில் இயர்ஃபோன். மடியில் நோட்டு. 'சாம்பிள் 1. நான்கு நிமிடம் வரை வாத்தியங்கள். ஒன்பது வரை ஆண், எதையோ பெருமையாகச் சொல்கிறான். பதினாறு வரை பெண், ஒத்துக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வரை பெண், இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.' பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த பெண்மணி ஒருநாள் எட்டிப் பார்த்து, நான் கோர்ட்டில் வேலை செய்கிறேனா என்று கேட்டார்.

இயர்ஃபோன் குர்லா பாலத்தில் வாங்கியது. வாங்கிய அன்றே வலது பக்கம் வேலை செய்யவில்லை. அது எனக்கு வசதியாகவே இருந்தது. வலது காதில் ஸ்டேஷன் பெயர்கள் கேட்க வேண்டும்.

திங்கட்கிழமைகளுக்கு என்னிடம் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. "ரெண்டாவது அங்கம் வேற மாதிரி இருந்துச்சு சார்." "இன்னொரு தடவை கேக்கணும் சார்." இரண்டும் தீர்ந்துபோனால் பேசாமல் இருப்பேன். மூன்றில் அதற்குத்தான் மதிப்பு அதிகமாக இருந்தது. நான் பேசாமல் நின்ற திங்கட்கிழமைகளில் சார், "புரியறது" என்று சொல்லிவிட்டு, அன்று முழுவதும் எல்லோரிடமும் அன்பாக இருப்பார்.

ஒருமுறை மட்டும் வீட்டில் ஃபோனிலேயே சத்தமாக வைத்தேன். சாம்பிள் 3. அம்மா ஜீன்ஸ் பேண்ட்களுக்கு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த ஒர்க் ஷாப்பிலிருந்து தினமும் ஐம்பது உருப்படி வரும்.

"ஏட்டி, அந்தப் பொம்பளைக்கு என்ன செய்யுது?"

"விஷம் குடிச்சிட்டாம்மா."

"எப்போ?"

"இருவது நிமிஷம் ஆச்சு."

அம்மா கத்தரியை நிறுத்தி இன்னும் கொஞ்சம் கேட்டாள். "விஷம் குடிச்சவளுக்கு இவ்வளவு தம்மு எங்கேருந்து வருது? குடுத்தவன் தண்ணி கலந்து குடுத்திருக்கான். உங்க ஆபீஸுல கொண்டுபோய்ப் பாக்கச் சொல்லு."

ஏணி வழியாக ஏறும் மேல் அறையில் குடியிருப்பவர்களும் விசாரித்தார்கள். அதோடு வீட்டில் வைப்பதை நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது மாதத்தில் ஏதோ நடந்தது. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. நோட்டில் தேதி இல்லை, ஏனென்றால் அன்றிலிருந்து நோட்டு காலியாக இருக்கிறது. செம்பூருக்கு அடுத்து கோவண்டி வந்ததைக் கவனிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் கேட்கப் போவதில்லை என்றபோதும், பொதுக் குழாயடியில் குடம் நிரம்பும்வரை சாம்பிள் 5-ஐ இரண்டு தடவை கேட்டேன். தொண்டையைத் திறந்து ஊருக்கே கேட்கும்படி ஒரு பெண் தன் மனதில் இருப்பதைச் சொல்கிறாள், சுற்றி நிற்பவர்கள் வாயை மூடிக்கொண்டு அவள் முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள். இப்படி ஓர் ஏற்பாடு உலகத்தில் எங்கோ இருக்கிறது என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

சாம்பிள் 9 துறைமுக ஓபரா. அதிகம் பேர் கேட்டிராதது, சாருடைய மாமா கப்பலில் வேலை செய்தபோது இத்தாலியிலிருந்து கொண்டுவந்த பழைய இசைத்தட்டு அது என்றார். கதையையும் அவரே சொன்னார். ஒருவன் கப்பலேறப் போகிறான். அவன் மனைவி துறைமுகத்துக்கு வந்து அவனைத் தடுக்கிறாள். அவன் போய்விடுகிறான். மூன்றாம் அங்கத்தில் அவள் இறந்துவிடுகிறாள்.

இரண்டாம் அங்கத்தில் பதினோரு நிமிடம் அவள் அவனிடம் பேசுகிறாள். பாடுவாள், நிறுத்துவாள். வயலின்கள் மட்டும் மெல்லக் கேட்டுக்கொண்டிருக்கும். அவன் ஏதாவது சொல்லுவான் என்று நானும் காத்திருப்பேன். ஒன்றும் வராது. மறுபடி பாடுவாள். மறுபடி நிறுத்துவாள். தூரத்தில் எங்கோ யாரோ முனகுவதுபோல ஒரு சத்தம். எதிர்த் தண்டவாளத்து ரயில் என்று நினைத்தேன். மான்குர்த் தாண்டி ரயில் பாலத்தில் ஏறும்போது, கீழே உப்பங்கழி, காதில் அவள். அவன் கல்லுப்போல நின்றான்.

திங்கட்கிழமை சார் கேட்டபோது என்னையறியாமல் மூன்றாவது வாக்கியம் ஒன்றைச் சொல்லிவிட்டேன்.

"அவ அத்தனை தடவை கேக்கா சார். அவன் வாயே திறக்கலையே."

அனந்த் சார் கண்ணாடியைக் கழற்றினார். "வாயே திறக்கலை," என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். "முப்பது வருஷமா கேட்டுண்டிருக்கேன் செல்வி. அதையெல்லாம் பதில்னே நெனைச்சுண்டிருந்தேன்." மஞ்சள்தூள் சாம்பிளின் சீட்டைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் நான் சொன்னதை எழுதிக்கொண்டார். எதையெல்லாம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அவருக்கு ஒரு வட்டம் இருந்தது. ஆறு பேர். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அவர் வீட்டில் கூடி ஓபரா கேட்பார்கள். என் வாக்கியம் அங்கே போயிற்று. ஆறு பேரும் அதைப் பற்றியே பேசினார்களாம். எங்கள் ஆறாவது மாதத்தின் கூட்டத்துக்கு நான் வந்து அதை விளக்கிப் பேச வேண்டும் என்று முடிவாகியிருந்தது.

"பத்து நிமிஷம் போதும்," என்றார் சார். "அதுக்கு முன்னாடி உங்க ரெண்டு பேர் ரிப்போர்ட்டையும் முடிச்சாகணும் நான். தலைக்கு மேல வேலை."

பத்து நிமிடம். மைக் இருக்குமா என்று கேட்க நினைத்தேன்.

கூட்டத்துக்கு முந்தைய புதன்கிழமை. வாஷியிலிருந்து திரும்பும் ரயில். அஃப்ஷாவும் நானும் எப்போதும் இந்தியில்தான் பேசிக்கொள்வோம்.

"அரே, காட்டு, என்னதான் அது," என்று என் இயர்ஃபோனின் வலது பக்கத்தை எடுத்துக் காதில் செருகிக்கொண்டாள். "இதுல ஒண்ணுமே வரலையே."

"அது செத்துப்போச்சு."

"எப்போலேர்ந்து?"

"வாங்கினதுலேர்ந்து."

அஃப்ஷா என்னைப் பார்த்தாள். "ஆறு மாசமா பாதிதான் கேட்டிருக்கே?"

"ரெண்டு பக்கமும் ஒரே சத்தம்தானே வரும்."

"பாகல், பைத்தியமே. பழைய பாட்டுல எல்லாம் ஒரு ஆளை இந்தப் பக்கம் நிறுத்துவான், இன்னொரு ஆளை அந்தப் பக்கம் நிறுத்துவான். என் தம்பிக்குக்கூடத் தெரியும். நீ எம்.எஸ்ஸி."

"நான் கெமிஸ்ட்ரி," என்றேன். "இது ஃபிசிக்ஸ்."

மான்குர்தில் இறங்கும்போது தன் இயர்ஃபோனைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன். ஸ்டேஷன் பெயர்கள் மறைந்துபோயின. துறைமுக ஓபராவின் இரண்டாம் அங்கம். அவள் இடது காதில் பாடினாள், நிறுத்தினாள். நான் வழக்கம்போலக் காத்திருந்தேன். வலது காதில், மிகப் பக்கத்தில், ஒரு மனிதன் பாட ஆரம்பித்தான்.

அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். ஒரு கேள்வியைக்கூட விடவில்லை. அவள் மெட்டையே எடுத்துக் கொஞ்சம் தணித்துப் பாடினான். அவனுக்குக் கீழே நான் இதுவரை கேட்டேயிராத தடித்த தந்தி வாத்தியங்கள். ரயில் என்று நான் நினைத்த முனகல் அவன்தான். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பாடினார்கள். ஒருவர் பேசும்போதே இன்னொருவர் பேசுவது எங்கள் வீட்டில் தினமும் நடப்பது. ஆனால் இங்கே இருவர் சொன்னதும் தனித்தனியாகக் கேட்டது. மாதக்கணக்காக அவனை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

நிமிர்ந்தபோது ஜூயிநகர் என்று பலகை தெரிந்தது. வாஷி போய் இரண்டு ஸ்டேஷன் ஆகியிருந்தது. ஆறு மாதத்தில் முதல் முறையாக எனக்கு லேட் மார்க் விழுந்தது.

மத்தியானம் அஃப்ஷாவிடம் சொன்னேன். "அவன் பேசறான். நான் சொன்னது எல்லாமே தப்பு. சார்கிட்ட சொல்லணும்."

அவள் டப்பாவிலிருந்து என் தட்டில் கீமா போட்டுக்கொண்டிருந்தாள். "சொல்லாதே. கன்ஃபர்ம் ஆன பிறகு சொல்லு."

"எனக்குக் கன்ஃபர்ம் ஆனா உனக்கு ஆகாது."

"அது எனக்குத் தெரியாதா? சாப்பிடு."

ஞாயிறு நாலு மணிக்கு கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் இருந்த சாரின் வீட்டுக்கு நடந்தே போனேன். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். கூடத்தில் ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். ஆறு பேரும் வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஜெயராம் சார், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"நீதானா அது? எந்த ஏரியாம்மா?"

"தாராவி."

"சயன் பக்கம்," என்று அனந்த் சார் திருத்தினார்.

சாரின் மனைவி கீதா மாமி காப்பி கொண்டுவந்தார். என்னைப் பார்த்து, "நீயுமாடீ கொழந்தே?" என்றார். "இந்த ஆத்துல வெள்ளிக்கிழமை ஒரு கீர்த்தனை போட வழியில்லே. கப்பல் வரது, கப்பல் போறது. பொழுதன்னிக்கும் இதான்."

"கீதா," என்றார் சார்.

"நான் ஒண்ணும் சொல்லலே. காப்பி ஆறறது."

முதலில் இரண்டாம் அங்கத்தைக் கேட்பது, பிறகு நான் பேசுவது என்று ஏற்பாடு. சார் இசைத்தட்டையே வைத்தார். இடது ஸ்பீக்கரில் அவள். வலது ஸ்பீக்கரில் அவன். இருவருக்கும் நடுவில் ஒரு பிரம்பு சோபாவும் மாமியின் துளசிச் செடியும் இருந்தன. அவன் என் எதிரிலேயே நின்று பதினோரு நிமிடம் பதில் சொன்னான். முடிந்ததும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்த பத்து நிமிடம் என்னிடம் இருந்தது. 'அவனுடைய மௌனம்' என்று ஆரம்பிக்கும். இப்போதுதான் பாடி முடித்தவனைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நான் சொன்னது தப்பு," என்றேன். "என் இயர்ஃபோன்ல வலது பக்கம் வேலை செய்யல. அவன் பாடினது எனக்குக் கேக்கவே இல்ல. அதனாலதான் வாயே திறக்கலைன்னு சொன்னேன். வியாழக்கிழமைதான் தெரிஞ்சுது. அவன் எல்லாத்துக்கும் பதில் சொல்லுதான்."

ஆறு பேரும் நன்றாகக் கேட்டுவிட்டார்கள். யாரும் நாற்காலியை இழுக்கவில்லை.

 பிறகு ஜெயராம் சார் தொடையில் தட்டினார்.

"பிரமாதம்."

நான் அவரைப் பார்த்தேன்.

"ஒரு காதாலே கேக்கறது. மத்தவனை மௌனமாக்கிட்டுக் கேக்கறது. இப்படி யாராவது கேட்டிருக்காளா? அனந்த், அந்த பாலன்ஸ் நாபை இடது பக்கம் முழுக்கத் திருப்பு. கேட்டுப் பார்த்துடலாம்."

"சார், அது ரிப்பேர்," என்றேன்.

"எல்லாக் கண்டுபிடிப்பும் ரிப்பேர்லதாம்மா ஆரம்பிக்கறது. நீ சயின்ஸ்காரி, உனக்குத் தெரியாதா?"

நாபைத் திருப்பினார்கள். ஆறு பேரும் கண்ணை மூடிக்கொண்டு பாதி ஓபராவைக் கேட்டார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த மாதம் வலது பக்கம் மட்டும் கேட்பது என்று தீர்மானமாயிற்று. மாமி சமையலறை வாசலில் வந்து நின்று, "பாதிதானா? இது தேவலையே, மாசாமாசம் இப்படியே வச்சுக்கோங்கோ," என்றார்.

அனந்த் சார் மட்டும் கண்ணை மூடவில்லை. அவர் என்னையும் பார்க்கவில்லை. தன் கையில் இருந்த காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது கிங்ஸ் சர்க்கிள் வரை கூட வருவதாகச் சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார். பூக்கடைகளைத் தாண்டினோம்.

"அவா சொன்னதை விடு," என்றார் பிறகு. "எனக்குப் புரிஞ்சுது. பயோடேட்டாலே எழுதியிருந்ததும் இப்படித்தானா?"

"எங்க ஏரியாவுல ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கு சார். அங்க எல்லாருக்கும் அதே வரிதான் போடுவாங்க."

"எல்லாருக்கும்?"

"ஆமா சார்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். "அப்போ ஆறு மாசமும் வேலைக்காகத்தான் கேட்டியா?"

"மூணு மாசம் வேலைக்காகக் கேட்டேன் சார். அப்புறம் எனக்காகத்தான் கேக்கேன்."

அதை நம்பினாரா என்று தெரியவில்லை. இப்படிச் சொல்லும் யாரையும் நானும் நம்பியிருக்க மாட்டேன். பொய் சொல்லிக்கொண்டிருந்தவரை என்னிடம் அத்தாட்சி இருந்தது, அச்சடித்த தாளில். உண்மைக்கு ஒன்றும் இல்லை.

சிக்னலில் நின்றோம். பஸ் ஒன்று திரும்பிப் போகும்வரை காத்திருந்தார்.

"ரிப்போர்ட்டை வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டேன். அஃப்ஷா பேரை எழுதியிருக்கேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை அதை அவர் புரிகிறது என்று எடுத்துக்கொள்ளவில்லை.

"உன் வேலையிலே குறை ஒண்ணும் இல்லை. ரெண்டு பேர் ரிசல்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. யாரை வேணும்னாலும் போடலாம். உன்னைப் போட்டா, ஓபராவுக்காகத்தான் போட்டேன்னு எனக்கே தோணிண்டிருக்கும். பேச ஆள் வேணும்னு ஒரு பொண்ணோட வேலையை எடுத்து இன்னொரு பொண்ணுக்குக் குடுத்தேன்னு ஆயிடும். என்னாலே முடியலை."

"அப்போ எனக்கு ஓபரா பிடிக்காம இருந்திருந்தா?"

"சந்தேகமே இல்லாம டாஸ் போட்டிருப்பேன்," என்றார் அனந்த் சார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "துர்பேயிலே ஒரு லேப் இருக்கு. ஹெட் எனக்குத் தெரிஞ்சவன். நாளைக்கே பயோடேட்டாவை அனுப்பு. பென்டிரைவை நீயே வச்சுக்கோ."

திரும்பி நடக்கும்போது துறைமுக ஓபராவைக் காதில் வைத்துக்கொண்டேன். தாராவி வரும்வரை அவன் பதில் சொல்லிக்கொண்டே வந்தான்.

மறுநாள் அஃப்ஷாவுக்குக் கடிதம் வந்தது. அவள் டாய்லெட்டில் போய் அழுதுவிட்டு வந்து என்னோடு சண்டை போட்டாள். "சொல்லாதேன்னு சொன்னேன்ல?"

"சொன்னதால போகலை. அதுக்கு முன்னாடியே போயிடுச்சு."

"அப்போ சொல்லாமலே இருந்திருக்கலாம்ல?" என்றாள்.  இயர்ஃபோனைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் சுடலைக்கண்ணன் அண்ணன் கடைக்குப் போனேன்.

"என்ன தாயி, வேலை நிக்கலையா?" அண்ணன் என் ஃபைலைத் திறந்தார். "ஆறு மாசம் எக்ஸ்பீரியன்ஸ்னு ஒரு வரி சேத்துருவோம்."

"கடைசி வரியை எடுத்துருங்க அண்ணே."

"எதை? ஓபராவையா?" அவர் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அது ராசியான வரி தாயி. எடுக்கக் கூடாது."

"எடுத்துருங்க."

"யாரும் கேட்டுட்டானா?"

"ஆமா."

"தெரியாதுன்னு சொல்லிட்டியா?"

"இல்ல. தெரியும்னு சொன்னேன்."

அண்ணன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அந்த எடத்துல வேலை யாருக்குக் கெடச்சுது?"

"கூட இருந்த பிள்ளைக்கு."

"அந்தப் பிள்ளை ஹாபின்னு என்ன போட்டிருந்துச்சு?"

"சமையல்."

"ஓ," என்றார். எதையோ தட்டினார். பிரிண்டர் ஓடியது. எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். இரவு அம்மாவிடம் காட்டும்போதுதான் கடைசி வரியைப் பார்த்தேன். துர்பே லேபுக்கு அதற்குள், நான் கொடுத்திருந்த முகவரிக்கு, அண்ணன் மெயிலிலேயே அனுப்பிவிட்டிருந்தார்.

அன்றிலிருந்து அந்தக் கடையில் பயோடேட்டா எடுக்கும் எல்லோருக்கும் சமையல் பிடிக்கும்.

எனக்குச் சாதம் வடிக்கத் தெரியாது. அம்மா ஸ்டவ் பக்கம் விடமாட்டாள். நான் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு தீய விட்டுவிடுவேன் என்பாள். துர்பேயில் என்னை இண்டர்வியூ எடுத்தவர் பருத்த, மலர்ந்த முகம் உள்ள மனிதர். மதிப்பெண்களை வேகமாகப் பார்த்துக்கொண்டு போனவர் கடைசி வரியில் நின்றார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"வெரி குட்," என்றார். "எது ரொம்ப நன்னா பண்ணுவே?"

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிமிடம் போய்க்கொண்டிருந்தது.